போதைப்பொருள் பாவனை அதிகமுள்ள பிரிவைக் கைது எண்ணிக்கையை வைத்துத் தெரிவு செய்யலாமா?

வேண்டாம். போதைப்பொருள் கைதுப் பட்டியலில் முதலில் நிற்கும் கொழும்புப் பிரிவைச் சிகிச்சைத் தரவு அவ்வாறு முதலில் காட்டவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காரணம், கைதுகள் பாவனையை அன்றிப் பொலிஸாரின் செயற்பாட்டையே முதலில் அளப்பதுதான். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான இலங்கைப் பொலிஸாரின் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியதும் கைதுகள் பெருகியதை, பாவனை ஒரே மாதத்தில் பெருகியதாக வாசிக்க முடியாது.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆண்டுக் கைந்நூல் மாவட்ட நிலையை அறிய உதவும். பிரிவு மட்டத்துக்கு, சில ஆண்டுகளின் சிகிச்சை எண்ணிக்கையைச் சபையிடம் கேட்டுப் பெற்று, சிகிச்சை நிலையத்தின் முகவரியால் அல்லாமல் நோயாளரின் வதிவிடத்தால் பிரித்து, இளவயதுச் சனத்தொகையால் வகுத்துப் பாருங்கள்.

ஆனால் சிகிச்சைக்கு வரும் பெண்கள் மிகக் குறைவு. அச்சமும் அவப்பெயரும் அவர்களைத் தடுக்கின்றன. ஆகவே குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேட்டறியுங்கள். கிராம சேவகர் பிரிவுவாரியாக எண்களை வெளியிடாதீர்கள். ஓரிருவர் என்றால் அயலவர் அடையாளம் கண்டுவிடுவர்.