மைக் மார்ட்டினை மாற்றாதீர்கள்

வணக்கம். கட்டுரைக்கு மைக் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "ஒரு தேசியப் பட்டம்கூட இல்லையே, ஆளை மாற்றட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக பேஸ்பால் அணிக்கு 1980 முதல் 2019 வரை 40 சீசன் தலைமைப் பயிற்சியாளர், 2,029 வெற்றி, எந்த சீசனிலும் 40 வெற்றிக்குக் குறையவில்லை.

பட்டம் இல்லாததை மறைக்காமல் எழுதுங்கள். கல்லூரி பேஸ்பாலின் தேசிய இறுதிச்சுற்று நடக்கும் ஒமாஹா நகரத்துக்கு 17 முறை அணியைக் கூட்டிப்போனவர். 1999 இறுதியாட்டம் மயாமி பல்கலைக்கழக அணியிடம் 6-5, ஒரே ரன்னில் கைநழுவியது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம் 2019. கடைசி சீசன், அணி தடுமாறியது, தேசியத் தொடரில் இடம் கிடைப்பதே சந்தேகமாக இருந்தது. கிடைத்ததும் பையன்கள் முந்தைய சுற்றுகளில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸிலும் லூசியானாவின் பேட்டன் ரூஜிலும் எதிரணியின் சொந்த மைதானத்திலேயே ஜெயித்து, 75 வயதுக்காரரை மறுபடி ஒமாஹாவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கட்டுரையை அங்கிருந்தே தொடங்குங்கள்.