174 துடித்தது நெஞ்சா, காலா?

கேள்வி: செங்கோட்டையில் குடியிருக்கிறேன். ஆரியங்காவு பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வயது 43. ஒன்றரை வருடமாகக் காலையில் ஓடுகிறேன். வாரநாளில் வயல் பக்கம் 5 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை புளியரை வரை வண்டியில் போய் அங்கிருந்து மலை ரோட்டில் 10. வீட்டுக்காரர் 2,800 ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கித் தந்தார். ஜி.பி.எஸ்., ஹார்ட் ரேட், பி.பி. எல்லாம் உண்டு என்றார்கள். மெதுவாக ஓடும்போதே துடிப்பு 174 என்று சிவப்பில் காட்டுகிறது. மலையில் தூரமும் கூடுதலாக வருகிறது. அங்கே டவர் கிடைக்காததுதான் காரணமா? ஷார்ஜாவில் இருக்கும் தம்பி நல்ல வாட்ச் வாங்கி வருகிறேன் என்கிறான். எதை வாங்கச் சொல்லட்டும்? மூன்று மாதமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன், அதையும் சொல்ல வேண்டுமோ என்னவோ.

பதில்: சொல்லத்தான் வேண்டும், டீச்சர். கடிதத்தின் முதல் வரியாக வந்திருக்க வேண்டிய விஷயம் அது. மாத்திரைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 174.

பயப்படுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நாளைக் காலை அந்தச் சிவப்பு எண் வந்த உடனே நில்லுங்கள். இரண்டு விரலைத் தாடைக்குக் கீழே, குரல்வளைக்குப் பக்கவாட்டில் லேசாக வையுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்றவுடன் எண்ண வேண்டும். ஒரு நிமிடம் கழித்து எண்ணினால் துடிப்பு நன்றாக இறங்கியிருக்கும். அப்புறம் மறுபடி ஓடத் தொடங்கி, வலது கால் தரையில் படுவதை மட்டும் 30 விநாடி எண்ணி அதையும் நான்கால் பெருக்குங்கள். இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரு நிமிடக் கணக்கு அது. என் ஊகம், கழுத்தில் 130 சொச்சம் வரும், காலில் 170-ஐ ஒட்டி வரும். அதாவது உங்கள் வாட்ச் எண்ணிக்கொண்டிருப்பது இதயத்தை அல்ல, காலடியை.

இது எப்படி நடக்கிறது என்றால், வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு எரிகிறதே, அந்த வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் ஏறி இறங்குவதால் திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும். அதைத்தான் வாட்ச் எண்ணுகிறது. ஓடும்போது கை ஆடுகிறது, தளர்ந்த வாட்ச்சும் ஆடுகிறது, வெளிச்சம் அந்த ஆட்டத்துக்குத் தாளம் போட ஆரம்பித்துவிடும். ஓட்டக்காரர்கள் இதை கேடன்ஸ் லாக் என்பார்கள். விலை கூடிய வாட்ச்சிலும் வரும், மலிவு வாட்ச்சில் அடிக்கடி வரும்.

என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண்களில் பெரும்பாலோர் வளையலுக்கு இடம் விட்டு, வாட்ச்சை மணிக்கட்டு எலும்பின் மேலேயே தளர்வாகக் கட்டியிருப்பார்கள். எலும்பிலிருந்து இரண்டு விரல் அளவு முழங்கைப் பக்கம் ஏற்றிக் கட்டுங்கள். வளையல் இல்லாத கை நல்லது. வாட்ச்சைத் தள்ளினால் தோலும் கூடவே நகர வேண்டும், அந்த அளவு இறுக்கம் போதும். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும்.

கழுத்தில் எண்ணியும் நிஜமாகவே 170 வந்தால், அல்லது தலைசுற்றல், நெஞ்சில் இறுக்கம் இருந்தால், வாட்ச் பேச்சே வேண்டாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

சரி, மாத்திரை. பி.பி. மாத்திரை என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள். அதில் பல ஜாதி உண்டு. அட்டையின் பின்பக்கம், கம்பெனி வைத்த பெரிய பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அது 'லால்' என்று முடிகிறதா பாருங்கள். அட்டினலால், மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், நெபிவோலால் என்று வரும். இவை பீட்டா பிளாக்கர்கள். இதயம் வேகமெடுப்பதையே கட்டுப்படுத்துபவை. இவற்றைச் சாப்பிடுகிறவருக்கு மூச்சு முட்ட ஓடினாலும் துடிப்பு பழைய உயரத்துக்கு ஏறாது. அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்றவை அப்படிச் செய்வதில்லை. ஆனால் ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து சேர்ந்தும் வரும், ஆகவே இரண்டாவது பெயரையும் படியுங்கள். ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுக்கிற கடையில் அந்தப் பொடி எழுத்தே பாதி போயிருக்கும். முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது டாக்டர் சீட்டைப் பாருங்கள்.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், பெரும்பாலான வாட்ச் 220-லிருந்து வயதைக் கழித்துத்தான் உங்கள் உச்சத் துடிப்பை வைத்துக்கொள்ளும். உங்களுக்கு 177. அதை வைத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மண்டலம் பிரிக்கும். அந்தச் சூத்திரமே தோராயம்தான், நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே பத்துப் பன்னிரண்டு இப்படியோ அப்படியோ போகும். 'லால்' மாத்திரை போடுகிறவருக்கு அது சுத்தமாகப் பொருந்தாது. நல்ல வாட்ச், சரியாகக் கட்டியிருக்கிறீர்கள், துடிப்பு 125 என்று சரியாகவே காட்டுகிறது. ஆனால் அது சுலபமான ஓட்டம், இன்னும் வேகமாகப் போ என்று சொல்லும். உங்கள் இதயமோ மாத்திரை போட்ட எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும். கருவி சரி, கணக்கு தப்பு. கணக்கு டீச்சரிடம் இதற்கு மேல் விளக்க வேண்டாம். உங்களுடையது அந்த ஜாதி மாத்திரை என்றால், மெதுவான ஓட்டத்தில் 174 வருவது இன்னும் அபூர்வம். காலடிதான் என்ற என் சந்தேகம் கூடுகிறது.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் ஓடுகிறேன் என்று சொல்லுங்கள். டிரெட்மில்லில் எடுக்கும் டி.எம்.டி. டெஸ்ட் எழுதிக்கொடுத்தால், அது மாத்திரையைப் போட்டுக்கொண்டு எடுப்பதா, நிறுத்தி வைத்துவிட்டு எடுப்பதா என்று கேளுங்கள். நோய் கண்டுபிடிக்கச் சில சமயம் நிறுத்தச் சொல்வார்கள். ஓட்டத்துக்கு எல்லை வகுக்க உதவுவது, நீங்கள் தினமும் இருக்கிற நிலையில், மாத்திரையோடு எடுத்தது. அதுவரை உங்கள் அளவுகோல் வாய்ப்பாடு. ஓடிக்கொண்டே பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் இரண்டு வரி தடங்கலில்லாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. பதின்மூன்று என்பதற்குள் மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

இனி தூரம். டவர் காரணமில்லை. ஜி.பி.எஸ்.ஸுக்கு சிம் வேண்டாம், நெட் வேண்டாம். சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சிக்னலைப் பிடித்தால் வாட்ச் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். உங்கள் வாட்ச்சின் கோளாறு வேறு, அதில் அநேகமாக ஜி.பி.எஸ்.ஸே இருக்காது. 2,800 ரூபாய் வாட்ச்சின் பெட்டியில் 'கனெக்டட் ஜி.பி.எஸ்.' என்றோ 'ஜி.பி.எஸ். சப்போர்ட்' என்றோ போட்டிருப்பார்கள். அதன் அர்த்தம், உங்கள் போனில் உள்ள ஜி.பி.எஸ்.ஸை இரவல் வாங்கும் என்பது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் காலடியை எண்ணி, ஒரு எட்டுக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று பெருக்கித் தூரம் சொல்லும். ஏற்றத்தில் எட்டு சுருங்குகிறது, வாட்ச்சுக்கு அது தெரியாது, அதனால் தூரம் கூடுகிறது. இந்த ஒற்றைச் சொல் வித்தையில் ஏமாந்தவர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர்! கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன் இல்லாமல் ஓடினால் மேப்பில் கோடு வருமா?" கடைக்காரர் இழுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

அந்த பி.பி. எண்ணையும் நம்ப வேண்டாம். சென்ற வருடம் ஒரு மொபைல் கடையில் இதே மாதிரி வாட்ச்சை என் மாணவன் வாங்கப் போனான், நானும் கூடப் போனேன். மேஜையில் டீக்கு வைத்திருந்த ஏத்தம்பழம் ஒன்று கிடந்தது. வாட்ச்சை அதில் கட்டினேன். துடிப்பு 78 காட்டியது. அது பெரிய குற்றமில்லை, பச்சை வெளிச்சம் எதில் பட்டாலும் கொஞ்சம் திரும்பும், நல்ல வாட்ச் கூடச் சில சமயம் ஏமாறும். பி.பி. பட்டனை அமுக்கினேன். ஏத்தம்பழத்துக்கு 118-க்கு 76. கடைப்பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "நார்மல்தான் சார்" என்றான். கையில் காற்றுப்பட்டை கட்டாமல் மலிவு வாட்ச் காட்டும் பி.பி.யின் யோக்கியதை இவ்வளவுதான். விரலில் குத்தாமல் சர்க்கரை பார்க்கிறோம் என்று விற்பது இதைவிட மோசம். அப்படிப்பட்ட வாட்ச், மோதிரம் எதையும் நம்பாதீர்கள் என்று அமெரிக்க மருந்துத் துறையே 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

நம் சந்தையில் தக்காளி விற்கும் அம்மாவின் தராசுக்கு முத்திரை இல்லையென்றால் அபராதம். உயிர் விஷயத்தில் எண் காட்டும் வாட்ச்சுக்கு? 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று கையேட்டின் ஏதோ மூலையில் ஒரு வரி போட்டால் தப்பித்துக்கொள்ளலாம். பெட்டியின் முன்பக்கத்தில் இதயப் படம் மட்டும் பெரிதாக இருக்கும். யாரும் கேட்பதில்லை.

தம்பி விஷயத்தில் எனக்குத் தயக்கம். பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். இங்கே பழுதானால் சர்வீஸ் சென்டர்காரர், இது எங்கள் பில் இல்லை என்று கை விரிப்பார். தம்பி பெரிய கடையில் பில்லோடு வாங்கி, அந்த கம்பெனி இந்தியாவில் வாரண்டி தரும் என்று எழுத்தில் காட்டினால் சரி. ஆனால் இந்த எல்லைப் பக்கம் மொபைல் கடைகளில் 'கல்ஃப் பீஸ், பில் மட்டும் இல்லை' என்று விற்பதைத் தொடவே வேண்டாம். என் மாணவன் ஒருவன் அப்படி வாங்கினான், சீல் கூட ஒட்டியிருந்தது. ஆப்பில் பதிவு செய்யப் போனால், இந்த வாட்ச் ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் இருக்கிறது என்று வந்தது. கடைக்காரர் ஏஜென்ட்டைக் காட்டினார், ஏஜென்ட் போனை எடுக்கவில்லை.

எதை வாங்கலாம்? உங்களுக்குக் கை சின்னதாக இருந்தால் 46, 47 மில்லிமீட்டர் தட்டு வேண்டாம், ஆடும். கார்மின் ஃபோர்ரன்னர் 55 போதும். 42 மில்லிமீட்டர், 37 கிராம், சொந்த ஜி.பி.எஸ்., போன் தேவையில்லை. மலை ரோட்டுத் தூரம் துல்லியமாக வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் மட்டும் இரண்டு அலைவரிசை பிடிக்கும் வாட்ச். ஃபோர்ரன்னர் 255, 265 அந்த ரகம், இரண்டிலும் பெயரோடு 'எஸ்' சேர்ந்த சிறிய அளவு உண்டு. நீங்கள் ஓடும் மலை ரோட்டில் எஸ் வளைவுக்கு மேலே மரம் மூடி, ஒரு பக்கம் பாறைச் சுவராக இருக்கும் இடத்தில் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்து வாட்ச்சைக் குழப்பும். இரண்டு அலைவரிசை இருந்தால் அந்தக் குழப்பத்தைப் பிரித்தெடுக்க உதவும். வாரம் ஒரு நாள் ஓட்டத்துக்கு அவ்வளவு பணம் தேவையா என்பது உங்கள் வீட்டுக் கணக்கு.

நாவிக் இருக்கிறதா என்று கடையில் கேட்டு ஏமாற வேண்டாம். ஜி.பி.எஸ். மாதிரி நம் நாடே வைத்திருக்கும் செயற்கைக்கோள்கள்தான், பெருமைதான். ஆனால் சின்னக் கருவிகளுக்குச் சுலபமான எல்1 அலைவரிசையை அதில் சேர்த்ததே 2023 மே மாதம் ஏவிய என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளில்தான். அதனால் எல்லா வாட்ச்சிலும் அதை எதிர்பார்க்க முடியாது.

எந்த வாட்ச் ஆனாலும் பட்டன் உள்ளதாக வாங்குங்கள். சாரல் அடிக்கும் ஜூன், ஜூலையில் ஈர விரலுக்குத் தொடுதிரை அடங்காது, தண்ணீர்த் துளியே அதை அமுக்கி ஓட்டத்தை நிறுத்திவிடும். கிளம்புவதற்கு முன் புளியரையில் வயல் வெளியாக இருக்கிற இடத்தில் நின்று, ஜி.பி.எஸ். தயார் என்று காட்டும் வரை பொறுத்து, அப்புறம் மலை ஏறுங்கள். மரத்தடியில் நொடிக்கு நொடி காட்டும் வேகம் குதிக்கும், கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் சராசரியை மட்டும் பாருங்கள். லாரி வரும் ரோடு, வாட்ச்சையே பார்த்துக்கொண்டு ஓடாதீர்கள்.

துடிப்பு சரியாகத் தெரிய வேண்டும் என்று டாக்டரும் சொன்னால், வாட்ச்சில் பணத்தைக் கூட்டாமல் நெஞ்சில் கட்டும் பட்டை ஒன்று தனியாக வாங்குங்கள். போலார் எச்10 போன்றவை இதயத்தின் மின்துடிப்பையே நேராக எடுப்பதால் காலடியோடு குழம்பாது, புளூடூத்தில் வாட்ச்சோடு சேரும். உள்ளாடைப் பட்டைக்குக் கீழே, தோலில் படுமாறு கட்ட வேண்டும். கட்டும் முன் உட்பக்கத்தைத் தண்ணீரில் நனையுங்கள், காய்ந்த பட்டை முதல் கிலோமீட்டரில் தாறுமாறாகக் காட்டும். ஓடி முடித்ததும் நடுவில் மாட்டியிருக்கும் சென்சாரைக் கழற்றிப் பட்டையை அலசிக் காயப்போடுங்கள். வேர்வை உப்பு படிந்தால் சீக்கிரம் வீணாகும்.