செட்டிநாட்டுப் பழைய வீட்டில் ஏசி: நியூட்ரலை எர்த் ஆக்கலாமா?

அண்ணே, கானாடுகாத்தான் வீட்டில் எர்த் ஒயர் இல்லாத பழைய ரெண்டு ஒயர் லைனிலேயே ஏசி போட்டு, எர்த் பின்னை நியூட்ரலோடு சேர்த்துவிடலாம் என்று எலக்ட்ரீசியன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஏசியின் உடம்பிலேயே 230 வோல்ட் ஏறி நிற்கும். ஒயரிங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 732 படி எர்த்துக்குத் தனி ஒயர் வேண்டும், பச்சை-மஞ்சளில் (பலர் பச்சையில் போடுவார்கள்). ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு ஒயரில் தனி லைன் இழுங்கள். மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் அவசியம்.

சரி, சுவர்? ஒயரைப் புதைக்க, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சை வெட்டினால் அந்த வழவழப்பு திரும்ப வராது. சிமெண்டு ஒட்டு பல்லிளிக்கும். எங்கள் வீட்டு முகப்பில் வெட்டவிட்டு இன்னும் நொந்துகொண்டிருக்கிறேன். சுவரை வெட்டாமல், உத்திரத்தை ஒட்டி கேசிங் கேப்பிங்கில் (மூடி போட்ட ஒயர் பட்டையில்) வெளியே தெரியும்படியே ஒயரைக் கொண்டுபோங்கள். அப்புறம், உரிமம் உள்ள ஒப்பந்தக்காரரிடம் சோதனை அறிக்கை வாங்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.