ரிசைன் லெட்டர்ல மட்டும் கையெழுத்து போடாதீங்க: வாசகிகள் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல மூணு வருஷமா இருக்கேன், சம்பளம் 14,000. இப்ப அஞ்சாம் மாசம். சூப்பர்வைசர் "ரிசைன் பண்றேன்னு எழுதிக் குடுத்துட்டு போ, குழந்தை கொஞ்சம் வளந்ததும் வா, திரும்ப சேத்துக்கறோம்"னு சொல்றாரு. எல்லாரும் அப்படித்தான் போறாங்களாம். எழுதிக் குடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: குடுக்கவே குடுக்காதீங்க தங்கச்சி. நீங்களா எழுதிக் குடுத்தா வேலையும் போச்சு, இத்தனை வருஷ சர்வீசும் போச்சு, திரும்ப சேத்துப்போம்னு வாய்வார்த்தையா சொன்னதுக்கு நாளைக்கு யாரும் பொறுப்பு இல்ல.

முதல்ல உங்க சம்பள சிலிப்பை எடுத்துப் பாருங்க. அதுல இஎஸ்ஐ-ன்னு (தொழிலாளர் அரசு இன்சூரன்ஸ்) ஒரு வரி இருக்கும், 14,000-க்கு 0.75 பர்சன்ட், அதாவது 105 ரூபா பிடிச்சிருப்பாங்க, கம்பெனி தன் பங்குக்கு 3.25 பர்சன்ட் கட்டணும். சம்பளம் 21,000 வரைக்கும் இருக்கறவங்களுக்கு இந்த இன்சூரன்ஸ். இதுக்கு முந்தின ரெண்டு கான்ட்ரிப்யூஷன் பீரியட்ல (அதாவது இஎஸ்ஐக்கு பணம் கட்டற ஆறு மாசக் கணக்கு: ஏப்ரல் டு செப்டம்பர், அக்டோபர் டு மார்ச்) மொத்தம் 70 நாளுக்கு பணம் கட்டியிருந்தா பிரசவ லீவு 26 வாரத்துக்கு உங்க சராசரி தினக்கூலி முழுசா, உங்க பேங்க் அக்கவுண்ட்டுக்கே வரும். உங்க சம்பளத்துக்கு கணக்கு போட்டா 80,000-க்கு மேல! இதை குடுக்கறது இஎஸ்ஐ, உங்க முதலாளி பாக்கெட்லேருந்து போறதில்ல, அப்புறம் எதுக்கு உங்கள ரிசைன் பண்ணச் சொல்றாங்கன்னு நீங்களே அவங்ககிட்ட கேளுங்க. ரெண்டு குழந்தை வரைக்கும் இந்த 26 வாரம், ஏற்கனவே ரெண்டு குழந்தை இருந்தா 12 வாரம். கரு கலைஞ்சு போனாக்கூட 6 வாரம் உண்டு, இது நிறைய பேருக்கு தெரியாம அந்த வேதனையோட மறுநாளே மெஷின்ல வந்து உக்காந்துடறாங்க, அதை நினைச்சா மனசு தாங்கல.

பத்து இலக்க இன்சூரன்ஸ் நம்பர், ஆதார், பாஸ்புக் எடுத்துக்கிட்டு பக்கத்துல இருக்கற இஎஸ்ஐ கிளை ஆபீசுக்கு இப்பவே போயிடுங்க, ஒன்பதாம் மாசம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. பிரசவ லீவுல இருக்கும்போது வேலைய விட்டுத் தூக்கறது சட்டப்படி செல்லாது.

கேள்வி: சென்னைல ஒரு பிரைவேட் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், 32,000 சம்பளம், ஒரு வருஷ கான்ட்ராக்ட். டெலிவரி டேட்டுக்கு முன்னாடியே கான்ட்ராக்ட் முடியுது, அதனால எதுவும் கிடையாதுன்னு எச்ஆர் சொல்றாங்க.
- ஒரு வாசகி, சென்னை

பதில்: எச்ஆர் சொல்றது தப்பு மேடம். டெல்லில கான்ட்ராக்ட்ல இருந்த ஒரு டாக்டர் வழக்குல 2023-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, கான்ட்ராக்ட் முடிஞ்சாலும் பிரசவ பலன் முழுசா குடுக்கணும்னு. டெலிவரி தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருக்கணும், அவ்வளவுதான். நீங்க இஎஸ்ஐ வரம்புக்கு மேல இருக்கறதால பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற ஆபீஸ்னா கம்பெனியே குடுக்கணும். பிரசவத்துக்கு முன்னாடி 8 வாரம் வரைக்கும் எடுத்துக்கலாம், அந்தக் காலத்துக்கான பணத்தை அட்வான்சா தரணும், மீதிய குழந்தை பிறந்ததுக்கான சான்று குடுத்த 48 மணி நேரத்துக்குள்ள தரணும்னு சட்டத்துலயே இருக்கு. 1961 பிரசவ பலன் சட்டத்துக்கு பதிலா 2025 நவம்பர்லேருந்து சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்பு வந்திருச்சு, ஆனா இந்த 26 வாரமும் 80 நாளும் மாறல. எல்லாத்தையும் ஈமெயில்ல கேளுங்க, போன்ல பேசி விட்டுடாதீங்க. தரலன்னா தொழிலாளர் துறை ஆய்வாளர்கிட்ட எழுத்துல புகார் குடுக்கலாம், வேலையை விட்டு நிறுத்தினா 60 நாளுக்குள்ள நீங்க புகாரைக் குடுத்துடணும்.

கேள்வி: எங்க வீட்டுல வேலை செய்யற பொண்ணு ரெண்டு மாசம் முழுகாம இருக்கா, முதல் குழந்தை. அவளுக்கு அரசு உதவி ஏதாவது இருக்கா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்க கேட்டதே பெரிய விஷயம்மா. வீட்டு வேலைக்கு இந்த 26 வாரம் சம்பளம் கிடையாது, எனக்கு இதுல ரொம்ப வருத்தம், உண்மையிலயே அதிகம் தேவைப்படறது அவங்களுக்குத்தான். ஆனா டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டம் இருக்கு. 19 வயசு முடிஞ்ச, வறுமைக் கோட்டுக்கு கீழ இருக்கற பொண்ணுங்களுக்கு முதல் ரெண்டு பிரசவத்துல ஒவ்வொண்ணுக்கும் மொத்தம் 18,000 ரூபா மதிப்பு, அதுல 14,000 தவணை தவணையா அக்கவுண்ட்ல வரும், மீதி 4,000-க்கு பேரீச்சம்பழம், நெய், இரும்புச்சத்து டானிக் எல்லாம் வெச்ச ரெண்டு ஊட்டச்சத்து பெட்டகம். பிரசவம் அரசு ஆஸ்பத்திரில நடக்கணும். 12 வாரத்துக்குள்ள நர்ஸ்கிட்ட பதிஞ்சு பிக்மி நம்பர் (கர்ப்பிணிகளுக்கான அரசு பதிவு எண்) வாங்கணும், அதனால இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்க, அன்னிக்கு சம்பளம் பிடிக்காதீங்க. அக்கவுண்ட் அவ பேர்ல, ஆதார் லிங்க் ஆகியிருக்கணும், புருஷன் பேர்ல இருந்தா பணம் வராது. வீட்டுப் பணியாளர் நல வாரியத்துல பதிஞ்சிருக்காளான்னும் கேளுங்க, அங்கயும் பிரசவ உதவி உண்டு.