காட்டுக்கருவை ஏன் வெட்ட வெட்டத் துளிர்க்கிறது?

வேதாரண்யம் பக்கம் வாய்க்கால் கரையில் வருடா வருடம் வெட்டியும் காட்டுக்கருவை, அதாவது சீமைக்கருவேலம், ஒழியவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெட்டுவதால்தான் ஒழியவில்லை. தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே அரிவாள் பட்டதும் அவை துளிர்க்கும். ஒரு தண்டு நின்ற இடத்தில் புதரே வந்துவிடும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது செய்தால் சுலபம்.

அப்புறம் விதை. மஞ்சள் நெற்று இனிக்கும் என்பதால் ஆடு மாடு விரும்பித் தின்னும். கெட்டித் தோலுள்ள விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து அந்த எருவிலேயே முளைக்கும். காய்ந்த சாணியை உடைத்துப் பாருங்கள், தெரியும். கோடியக்கரையில் வெளிமான்களும் நெற்றைத் தின்று, தாங்கள் மேயும் புல்வெளியை மூடும் மரத்தைத் தாங்களே பரப்புகின்றன. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

உப்பு மண்ணையும் வறட்சியையும் தாங்குவதால் கடைமடைத் தரிசு அதற்குத் தோதான இடம். விறகும் கரியும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது உண்மைதான். ஆனாலும் வாய்க்கால் கரையில் வேண்டவே வேண்டாம். தோண்டிய இடத்தில் பூவரசு, பனை வையுங்கள். விதை மண்ணில் பல வருடம் கிடக்கும் என்பதால், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இளங்கன்றுகளைக் கையோடு பிடுங்கிவிடுங்கள்.