கடலோரத்தில் நின்ற பழைய பைக்: டேங்குக்குள் துரு எப்படி வருகிறது?

மண்டபம், கீழக்கரை பக்கம் பல வருடம் நின்ற யெஸ்டியோ ராஜ்தூத்தோ வாங்கினால், முதலில் டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். டேங்க் துரு என்பது உள்தகடு அரித்துச் செம்பொடியாக உதிர்வது. காலி டேங்க் இரவில் குளிரும்போது ஈரக் கடற்காற்றை மூடி வழியே இழுக்கும். ஐஸ் தண்ணீர் டம்ளர் போலத் தகடு வியர்க்கும். நீர் பெட்ரோலைவிடக் கனம், அடியிலேயே தங்கி அரிக்கும்.

துருவை நீக்க, டேங்கையும் பெட்ரோல் டேப்பையும் கழற்றி, ஓட்டையை அடைத்து, வெள்ளை வினிகர் நிரப்பி 24 மணி நேரம் வையுங்கள். பெயின்டில் சிந்தவிடாதீர்கள். லிட்டருக்கு 2 ஸ்பூன் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, உடனே கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றிச் சுழற்றுங்கள். தாமதித்தால் அன்றைக்கே மறுபடி துரு பிடிக்கும்.

துருவை நீக்க வேண்டாம், பெட்ரோல் பில்டர் மாட்டினால் போதும் என்பார்கள். நுண்பொடி அதையும் தாண்டிப் போய் கார்புரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் போகும் சிறு துளையை) அடைக்கும்.