பழைய போர் விமானப் படங்கள்: உச்சிப்புளி மாடியில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டு மாடியில் திரை கட்டிப் பழைய போர் விமானப் படம் போடுகிறோம். விமானப்படையில் எஞ்சின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. போன மாதம் ‘விங்ஸ்’, இந்த மாதம் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் வானில் மோதியதைச் சொல்லும் ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ பார்த்தோம். நேரமில்லாமல் விட்டுப்போனவற்றுக்கு இங்கே பதில்.

மண்டபத்துத் தம்பி: அண்ணே, ‘விங்ஸ்’ 1927இல் வந்த படம். கிராஃபிக்ஸ் இல்லாமல் வானச் சண்டையை எப்படி எடுத்தார்கள்?

நிஜமாகவே பறந்து எடுத்தார்கள், தம்பி. இயக்குநர் வில்லியம் வெல்மன் முதல் உலகப் போரில் சண்டை விமானம் ஓட்டியவர். விமானத்திலேயே கேமராவைப் பொருத்தி, நடிகரின் முகம் தெரிய, பின்னால் வானம் ஓட எடுத்திருக்கிறார். கதாநாயகர்களில் ஒருவரான பட்டி ரோஜர்ஸ் இதற்காகவே விமானம் ஓட்டக் கற்றார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். வானம் வெறுமையாக இருந்த நாட்களில் வெல்மன் படம் எடுக்க மறுத்து, மேகத்துக்காகக் காத்திருந்தார். செலவு ஏறுகிறதே என்று தயாரிப்புத் தரப்பு நெருக்கியும் அசையவில்லை. காரணம் உனக்கே தெரியும். கரை மறைந்த நடுக்கடலில் படகு எவ்வளவு வேகமாகப் போனாலும் நின்ற இடத்தில் நிற்பது மாதிரிதான் இருக்கும். குருசடைத் தீவு பக்கத்தில் வந்ததும்தான் வேகம் புரியும். வானத்தில் அந்தத் தீவின் வேலையை மேகம் செய்கிறது. முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான விருதை வாங்கியது இந்தப் படம்தான். நூறு வருஷத்தை நெருங்கியும் அந்தக் காட்சிகள் கண்ணை விட்டுப் போகவில்லை.

கீழக்கரைத் தங்கை: அந்த விமானிகள் கழுத்தில் பட்டுத் துணி கட்டியிருப்பது அழகுக்கா, அண்ணே?

இல்லம்மா. எதிரி பின்னாலிருந்து வருகிறானா என்று நொடிக்கொரு தரம் தலையைத் திருப்ப வேண்டும். முரட்டுக் காலர் கழுத்தை அறுத்துவிடும், அதற்குத்தான் பட்டு. முகத்தில் தெறிக்கும் எண்ணெயைத் துடைக்கவும் ஆகும். அப்போதைய சுழல் எஞ்சின்களுக்கு ஊற்றியது ஆமணக்கு எண்ணெய், நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். புகையோடு அதையும் சுவாசித்து வயிறு கெட்டுத்தான் பலர் தரையிறங்கினார்கள்.

பாம்பன் படகோட்டி ஒருவர்: சூரியன் பக்கம் பார் என்று ஏன் எச்சரிக்கிறார்கள்?

காலையில் தனுஷ்கோடிப் பக்கம் கிழக்கே பார்த்தால் எதிரே வரும் படகு கண்ணுக்குத் தெரிகிறதா? அதேதான். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு மேலிருந்து இறங்குபவனைக் கீழே இருப்பவன் பார்க்கவே முடியாது.

பரமக்குடி மாணவர்: ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்தில் வரும் ஜெர்மன் விமானங்கள் அசலா, சார்?

உடம்பு ஜெர்மன், இதயம் பிரிட்டன். ஸ்பெயினில் கட்டிய மெஸ்ஸர்ஷ்மிட் என்ற ஜெர்மன் வடிவப் போர் விமானங்கள் அவை. போருக்குப் பிறகு அவற்றில் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினைப் பொருத்திவிட்டார்கள். பிரிட்டனின் போர் விமானமான ஸ்பிட்ஃபயரிலும் மெர்லின்தான். புகைக்குழாய் வரிசையைப் பாருங்கள். அசல் மெஸ்ஸர்ஷ்மிட்டில் மூக்கின் கீழ்ப்பகுதியில் இருக்கும், படத்தில் மேலே ஏறியிருக்கும். எனக்கு இது குறையாகவே தெரியவில்லை. 1969இல் வெளிவந்த படத்துக்காக அத்தனை விமானங்களைத் தேடிப்பிடித்துப் பறக்கவிட்டதே பெரிய காரியம்.

அவரே: ஸ்பிட்ஃபயர் தலைகீழாகப் புரண்டுவிட்டுப் பாய்கிறதே, நேராக மூக்கை இறக்கினால் என்ன?

நல்ல கேள்வி, நான் காத்திருந்த கேள்வி. மெர்லினில் பழைய பைக்கில் உள்ளது போல மிதவை வைத்த கார்புரேட்டர். மூக்கைத் திடீரென்று இறக்கினால் பெட்ரோல் மேலே எழும்பி, எஞ்சின் திணறி அடங்கும். ஜெர்மன் எஞ்சினில் பெட்ரோலை நேரடியாகப் பீய்ச்சும் முறை இருந்ததால் அவன் சட்டென்று பாய்ந்து தப்பிவிடுவான். துரத்துகிற ஸ்பிட்ஃபயர்காரன், பெட்ரோல் மேலே எழும்பாமல் இருக்க, புரண்டுதான் பாய வேண்டும், அதற்குள் நேரம் போய்விடும். 1941இல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் ஓட்டையிட்ட சின்னத் தகடு ஒன்றைப் பெட்ரோல் வழியில் வைத்து இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தார். மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர் அவர். அவரைப் பற்றித்தான் முதலில் படம் எடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ராமநாதபுரம் அக்கா ஒருவர்: நம் நாட்டுப் படம் உண்டா?

உண்டு அக்கா. 1971 போரை வைத்துச் சேத்தன் ஆனந்த் எடுத்த ‘ஹிந்துஸ்தான் கி கசம்’, கோவிந்த் நிஹலானியின் ‘விஜேதா’. இரண்டாவதை முதலில் பாருங்கள், ஒரு பையன் விமானி ஆவதைப் பொறுமையாகச் சொல்கிறது. தமிழில் ‘காற்று வெளியிடை’ இருக்கிறது, ஆனால் அது காதல் கதை.

ராமேசுவரம் பெரியவர்: நம்ம கடல் பக்கம் இப்படிச் சண்டை நடந்ததா, தம்பி?

நடந்தது ஐயா, அக்கரையில். 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் கொக்கலையிலிருந்து கேட்டலினா கடல் விமானத்தில் கண்காணிக்கப் போன கனடா நாட்டு விமானி லெனர்ட் பெர்ச்சல், ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டார். அமெரிக்காவின் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய அதே படை. தகவலை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தினார்கள். கடலில் விழுந்து பிழைத்தவர், போர் முடியும்வரை ஜப்பானியரிடம் கைதியாக இருந்தார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு வானத்தில் பிரிட்டனின் ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பிச் சண்டை போட்டன. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அந்த நேரம் அதில் ஒரு விமானம்கூட இல்லை. அந்தக் கப்பல் இன்றும் அங்கேதான் கிடக்கிறது, ஐயா.